பூநாரைக்குக் கட்டிய கயிறு

எட்டாம் வகுப்பில் நான் ஒரு பறவை செய்தேன். ஒன்பதடி உயரம், ரோஸ் கலர், ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரை. அதன் வயிற்றுக்குள்ளே என் முகம் இருந்தது. அந்த ரகசியம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சகாயராஜ் எங்கள் பழைய ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோவைத் தட்டிவிட்டான். சயின்ஸ் சார் தன்னுடைய அந்தக் கால போனில் எடுத்தது. மழையில் நனைந்த மைதானம், நடுவில் பறவை, பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நான். உலகத்தையே நான்தான் குத்தகைக்கு எடுத்த மாதிரி ஒரு போஸ். கீழே அவன், “டேய், நம்ம கெத்தைப் பாருங்கடா” என்று போட்டிருந்தான். முப்பது பேர் ஹார்ட் விட்டார்கள். ஷாகிதா மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.

“பறவை கால்ல ஒரு மஞ்சக் கயிறு தெரியுதே, அதை யாருடி கட்டுனா?”

யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மரக்காணத்தில் எங்கள் பள்ளிக்கூடம் ரோட்டை ஒட்டி இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் உப்பளம். வெயில் காலத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கண் கூசும். அதனாலேயே ஜன்னல் பக்கம் உட்கார யாரும் வர மாட்டார்கள். நான் உட்காருவேன். கண் கூசினாலும் பரவாயில்லை, எந்த இடமாக இருந்தாலும் அது எனக்கென்று இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிறவி.

அதனால் சயின்ஸ் சார் ஒருநாள் வகுப்புக்குள் வந்து, “சுற்றுச்சூழல் மன்றம் ஆரம்பிக்கிறோம், அதுக்கு ஒரு லீடர்...” என்று இழுத்தபோது, வாக்கியம் முடிவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“இன்னும் கேக்கவே இல்லையே ம்மா.”

“நீங்க கேப்பீங்கன்னு தெரியும் சார்.”

வகுப்பே சிரித்தது. சார் பெயரை எழுதிக்கொண்டார். மன்றத்தில் மொத்தம் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். என் தலைமையின் மகிமையால் ஒரே வாரத்தில் ஆறு பேர் விலகினார்கள். மிச்சம் இருந்தவர்களில் உருப்படியான ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தி கூனிமேட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஷாகிதா. அவள் அப்பாவுக்குப் பழைய இரும்புக் கடை, ஆகவே கம்பிக்கும் தகரத்துக்கும் பஞ்சமில்லை. இன்னொருத்தன் சகாயராஜ். கோயில் திருவிழாவுக்குத் தேர் ஜோடிக்கிற குடும்பம். கையில் எதைக் கொடுத்தாலும் உருவமாக்கி விடுவான். ஆனால் வாய் நிறைய நக்கல்.

பங்குனி மாதம் மாவட்ட அளவில் ஒரு போட்டி வந்தது. குப்பையிலிருந்து கலை. ஒவ்வொரு பள்ளியும் கழிவுப் பொருளை வைத்து ஒரு சிலை செய்ய வேண்டும், நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், பரிசு வாங்கும் சிலையை ரோட்டோரம் நிறுத்தி வைப்பார்கள். விதி இரண்டே இரண்டு. எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. பெயின்ட் அடிக்கக் கூடாது.

சகாயராஜ் திமிங்கலம் என்றான். ஷாகிதா மீன் சிக்காமல் திரும்பும் போட் என்றாள். நான் பூநாரை என்றேன். நான் லீடர் என்பதால் பூநாரை.

காரணம் இருந்தது. குளிர் காலம் முடியும்வரை உப்பளத்துக்குப் பின்னாலிருக்கும் சதுப்பில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, பீரங்கி மாதிரி லென்ஸை வைத்துப் படம் எடுப்பார்கள். எங்களை ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் கெத்தாக இருக்கும் ஒரே ஜீவன் அதுதான் என்பது என் கணக்கு.

கடற்கரையில் இரண்டு சனிக்கிழமை குப்பை பொறுக்கினோம். அறுந்த வலை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்புகள், மீன் பெட்டி தெர்மாகோல், சாக்கு சாக்காகச் சேர்ந்தது. கம்பியை வளைத்து சகாயராஜ் எலும்புக்கூடு கட்டிவிட்டான். அப்போதுதான் தெரிந்தது, உலகத்துக் குப்பை எல்லாம் நீலம், பச்சை, வெள்ளை. ரோஸ் நிறத்தில் கிடைத்தது ஒரு சீப்பும் ஒரு சோப்பு டப்பாவும்.

“நீலப் பூநாரை செய்யலாம். உலகத்துலயே மொத மொதலா” என்றான் சகாயராஜ்.

“வாயை மூடுறா.”

“அப்ப ரோஸ் கலருக்கு எங்க போறது லீடரம்மா?”

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஊர்ந்து வந்தது. அவன் எதை நினைத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய மே மாத லீவில் எனக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அவளுக்கு இரண்டும் பையன்கள். பெண் பிள்ளை என்று அந்த வீட்டுக்கு நான் ஒருத்திதான். ஆசையைக் கட்டுப்படுத்த முடியாமல் அவள் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தாள். பன்னிரண்டடிக்குப் பத்தடி. முழுக்க முழுக்க ரோஸ். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன் திறமை முழுவதையும் அதில் காட்டியிருந்தார். பின்னால் பனிமலை, இரண்டு பக்கமும் அன்னப்பறவை, நடுவில் ஒரு பெரிய தாமரை, தாமரையின் மேல் நான். என் நிறத்தை நாலு படி ஏற்றி, உதட்டுக்குச் சிவப்பு பூசி, கண்ணை எங்கேயோ பார்க்க வைத்திருந்தார். அதைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் கட்டினார்கள். பாண்டிச்சேரி பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான். லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று சகாயராஜ் எனக்குத் ‘தாமரைத் தலைவி’ என்று பட்டம் கட்டினான். அது ஒரு வருஷம் ஓடியது.

விழாவுக்கு மறுநாளே நான் அத்தையிடம் போய் அழுதேன். சாதாரண அழுகை இல்லை, தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன்.

“கிழிச்சுப் போட்டுடு அத்தே. யாரும் பாக்கக் கூடாது. யாருமே.”

அத்தை முகம் சுருங்கியது. “ஏன்டி, நல்லாதான இருக்கு, மகாலச்சுமியாட்டம்” என்றாள். பிறகு என் அழுகையைப் பார்த்துவிட்டு, “சரிடி, சரி. யாரும் பாக்க மாட்டாங்க” என்றாள். அடுத்த நாள் விடிந்தபோது பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் இல்லை.

ஆனால் உப்பளத்துக்காரர்கள் ஃப்ளெக்ஸைக் கிழிக்க மாட்டார்கள். அது அவர்களுக்குத் தங்கம். பாத்தியில் வாரிய உப்பைக் கரையில் குவித்து வைப்பார்கள், அதற்கு அம்பாரம் என்று பெயர். மழை வந்தால் அம்பாரத்தை மூட வேண்டும். தார்ப்பாய் வாங்குவது கட்டுப்படியாகாதவர்கள் பழைய ஃப்ளெக்ஸ்களைச் சேர்த்துத் தைத்து மூடுவார்கள். மழைக்காலத்தில் உப்பளம் பக்கம் போனால் வேடிக்கையாக இருக்கும். ஒரு அம்பாரத்தின் மேல் கல்யாண மாப்பிள்ளை படுத்திருப்பார். இன்னொன்றின் மேல் கண்ணீர் அஞ்சலி. அடுத்ததில் நகைக்கடைப் பெண் கழுத்தைக் காட்டிக்கொண்டு நனைவாள். யார் அம்பாரம் எது என்பதற்கு அடையாளமே அந்த முகங்கள்தான். “மாப்பிள்ளையைத் தாண்டி, நகைக்கடைக்கு இந்தாண்டை” என்றுதான் வழி சொல்வார்கள்.

என் ஃப்ளெக்ஸும் அங்கேதான் போயிருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பழைய நீல ஃப்ளெக்ஸைச் சேர்த்து, வலை பின்னுகிற பச்சை நைலான் நூலால் அத்தை தைத்திருந்தாள். அதைச் சுருட்டி, உப்பளத்துக் கொட்டகையில் கழி மேல் போட்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். துரோகம் என்று நினைத்தேன். ஊர் பார்த்தது போதாதென்று உப்பளமும் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறாள்!

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அவள் அடுத்தவர் பாத்தியில் உப்புக் கூடை சுமந்தவள். அந்த மே மாதத்தில்தான் முதல்முறையாக ஒரு பாத்தி அவள் பொறுப்புக்கு வந்தது. மாமாவுக்குச் சென்னையில் செக்யூரிட்டி வேலை, ஆகவே எல்லாம் அவள் தலையில். பாத்திக்கு உடையவர் வானூர்க்காரர். அவர் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். பொம்பளை தனியாகச் செய்ய முடியுமா என்று பார்க்கலாம், அடுத்த பங்குனி முடிவதற்குள் சீசனின் முதல் அம்பாரம் முழுசாக லாரி ஏறினால் பாத்தி உன்னுடையது, இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அத்தை அந்த ஆண்டு வாய்க்கு வாய் ‘என் பாத்தி, என் பாத்தி’ என்றாள். அம்மா, “புதுசா புள்ள பெத்தவளாட்டம் பேசுறா பாரு” என்று சிரிப்பாள்.

அந்த அம்பாரம் குவிந்துகொண்டிருந்த பங்குனியில்தான் எனக்கு ரோஸ் கலர் தேவைப்பட்டது.

நான் ஒன்றும் யோசிக்காமல் செய்யவில்லை. யோசித்துத்தான் செய்தேன், அதுதான் கொடுமை. கொட்டகைக்குள் இரண்டு சுருள் இருந்தன. ஒன்று என் ஃப்ளெக்ஸ், அழுக்கேறி, ஓரம் கிழிந்து, தொட்டால் மொறமொறவென்று இருந்தது. இன்னொன்று பளபளவென்று புது நீலத் தார்ப்பாய். பாத்தி கிடைத்த ஜோரில் அத்தை புதுசு வாங்கியிருக்கிறாள், பழையது குப்பை, என்று நானே தீர்ப்பெழுதினேன். அந்தக் கொட்டகை மூன்று பாத்திக்குப் பொது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகத்துக்கு வர நான் விடவில்லை என்பது இன்னும் சரி. கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்டால் ‘கூடாது’ என்று வந்துவிட்டால்?

மத்தியான நேரம். வெயிலுக்குப் பயந்து ஆட்கள் எல்லாம் விடிகாலையிலேயே வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சகாயராஜ் ஒரு முனை, நான் ஒரு முனை. சைக்கிள் கேரியரில் கட்டினோம். ஷாகிதா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

“ஏ, உங்க அத்தைகிட்ட சொல்லிட்டியா?” என்றாள்.

“அதெல்லாம் சொல்லியாச்சு.”

“அல்லா மேல சத்தியமா?”

“உன் அல்லா மேல நான் ஏன் சத்தியம் பண்ணணும்? தள்ளு.”

வரப்பில் எதிரே வந்த ஒரு பெரியவர், ரப்பர் பூட்ஸைக் கையில் பிடித்தபடி, சைக்கிளைப் பார்த்து நின்றார்.

“இன்னா பாப்பா அது?”

“ஸ்கூலுக்கு மாமா! பிராஜெக்ட்டு!”

“ஓ, பெரிய படிப்புத்தான்” என்று வழி விட்டார்.

பள்ளிக் குழாயடியில் விரித்துக் கழுவினோம். ஒரு விஷயம் விசித்திரமாக இருந்தது. எல்லோரும் படம் இருக்கிற பக்கத்தைத்தான் வெளியே போட்டு மூடுவார்கள், அந்தப் பக்கம்தான் வழவழவென்று இருக்கும், தண்ணீர் நிற்காமல் ஓடும். என் ஃப்ளெக்ஸில் உப்பு முழுக்கப் படம் இருந்த பக்கம் படிந்திருந்தது. தாமரை, அன்னம், என் முகம், எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பொருக்கு. முதுகுப் பக்கம்தான் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

“உங்க அத்தைக்கு ஃப்ளெக்ஸு போடவே தெரியல. திருப்பிப் போட்டுக்குது” என்றான் சகாயராஜ்.

“அதுக்கு என்னா தெரியும்?” என்றேன் நான். ஒரு தகரத்தால் என் முகத்திலிருந்து உப்பைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட உதட்டுச் சிவப்பும் சேர்ந்து வந்தது.

வெட்டினோம். மலையை, வானத்தை, அன்னத்தை எல்லாம் இறகு இறகாக நறுக்கினோம். பச்சை நூல் தையல் இருந்த இடம் மட்டும் ரொம்பக் கெட்டி, கத்தரி ஏறவில்லை. அதை அப்படியே மார்புப் பக்கம் குறுக்காக வைத்துக் கட்டினோம். நீல ஓரங்கள் கீழே தண்ணீராக ஆயின. என் முகம் இருந்த துண்டைச் சுருட்டி, தெர்மாகோலோடு வயிற்றுக்குள் திணித்தேன்.

“தாமரைத் தலைவி பறவைக்கு இரையாயிட்டா” என்றான் சகாயராஜ்.

“வெளிய சொன்ன, அடுத்த இரை நீதான்.”

ஒற்றைக் கால் விஷயத்தில்தான் சண்டை வந்தது. சகாயராஜ் தேர் கட்டுகிற வீட்டுப் பையன், எடை தெரியும். ரெண்டு காலு வெக்கணும், காத்துக்கு நிக்காது என்றான். பூநாரை ஒற்றைக் காலில்தான் நிற்கும், அதுதான் அதற்குக் கெத்து என்றேன். ஒற்றைக் கால்தான் வைத்தோம்.

போட்டி நாள் காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. மத்தியானம் கடல் பக்கம் ஒரு கறுப்பு எழுந்தது. பங்குனியில் மழை வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் சொட்டு விழுந்தது. நடுவர்கள் இரண்டு பேர் ஜீப்பில் வந்து இறங்கி, வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சார்ட்டையும் மேசையையும் பிள்ளைகள் உள்ளே தூக்கினார்கள். பறவையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வகுப்பறைக் கதவு அதற்கு இடுப்பளவுதான் இருந்தது. நாங்கள் வாசலை அளந்து பார்க்கவே இல்லை.

மறுபடி மைதானத்தில் நிறுத்தினோம். காற்று ஏறியது. பூநாரை ஒற்றைக் காலில் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. பன்னிரண்டு பேரும் சுற்றி நின்று பிடித்தோம். வராந்தாவிலிருந்து சயின்ஸ் சார், “விட்டுடுங்கம்மா, போனா போவட்டும்” என்று கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. மழை ஃப்ளெக்ஸ் இறகுகளில் வழுக்கி ஓடியது. “பாத்தியா, ஒரு சொட்டு உள்ள போவல!” என்று நான் ஷாகிதாவிடம் பெருமை அடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது கேட் வழியாக அத்தை ஓடி வந்தாள்.

புடவையைத் தூக்கிச் சொருகி, காலில் ரப்பர் பூட்ஸ், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூச்சிரைக்க. தோளில் ஒரு மஞ்சள் நைலான் கயிறு வளையமாகத் தொங்கியது. மைதானத்துக்குள் பத்தடி வந்தவள், பறவையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அம்மா வரவில்லை, அப்பா வரவில்லை. மழையோடு மழையாக என் அத்தை வந்திருக்கிறாள்!

“அத்தே! பாத்தியா? நாந்தான் லீடரு!”

அவள் பறவையைச் சுற்றி மெதுவாக வந்தாள். மேலே பார்த்தாள், கீழே நீலத்தைப் பார்த்தாள். மார்புப் பக்கம் வந்ததும் கையை நீட்டி, பச்சைத் தையலை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவினாள்.

“நீயாடி செஞ்ச?”

“நாங்க எல்லாரும். ஆனா ஐடியா என்னுது. எல்லாம் வேஸ்ட்டு அத்தே! ஒண்ணுகூட வாங்குனது இல்ல.”

“வேஸ்ட்டா” என்றாள்.

வராந்தாவில் நடுவர்கள் இருப்பதை அவள் பார்த்தாள். சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மழையில் ஒன்றுமே தெரியாமல் கிடந்த உப்பளத்தைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“கயிறு எதுக்கு அத்தே?” என்றேன்.

தோளில் கயிறு இருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஒத்தக் கால்ல நிக்குதே. காத்துல வுழுந்துடாதா? கட்ட வேணாமா?”

கட்டினாள். பறவையின் காலில் இரண்டு சுற்று, அங்கிருந்து கொடிக்கம்பத்துக்கு ஒரு பக்கம், வேப்ப மரத்துக்கு ஒரு பக்கம். அம்பாரத்தைக் கட்டுகிற கை, இழுத்து ஒரு முடிச்சு போட்டால் புயலுக்கும் அசையாது. முழங்காலில் உட்கார்ந்து, பல்லால் நுனியைக் கடித்து இழுத்து, ஒன்றுக்கு இரண்டாக முடிச்சுப் போட்டாள். கட்டி முடித்து ஒரு தட்டு தட்டினாள். பறவை அசையவில்லை.

“வர்றேன்டி. வேலை கெடக்குது.”

“பரிசு குடுக்குற வரைக்கும் இரு அத்தே!”

திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். ரப்பர் பூட்ஸ் சேற்றில் சப் சப் என்று சத்தம் போட்டது. நாங்கள் சிரித்தோம்.

மழை முக்கால் மணி நேரம் அடித்தது. மற்ற பள்ளிகளில் அட்டையில் செய்ததெல்லாம் கூழாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் பறவை நின்றது. நடுவர் குடையோடு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கயிற்றைக் காட்டி, “இந்தக் காத்துக்கும் நிக்குது பாருங்க, பிளானிங்!” என்றார். முதல் பரிசு. மாணவர் தலைமைப் பண்பு என்று சான்றிதழில் தனியாக ஒரு வரி போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எடுத்ததுதான் அந்தப் போட்டோ.

சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க அத்தை அம்பாரம் போச்சுடி. பாதிக்கு மேல கரைஞ்சுடுச்சு. மிச்சமும் சேறு.”

“ஏன்? நீலத் தார்ப்பாய் இருந்துச்சே?”

“அது பக்கத்துப் பாத்திக்காரர்து. அவர் அவருதைத்தான மூடுவாரு? உங்க அத்தை இருக்குற சாக்கு, கட்டுற புடவை ஒண்ணு விடாம கொண்டாந்து போத்திக்குது. அடங்குமா? பங்குனி முடிய எட்டு நாளு இருக்குது. லாரியாவது, பாத்தியாவது.”

“அத்தையோட ஷீட்டு?” என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“காத்துல பறந்துடுச்சாம்.”

“யாரு சொன்னா?”

“அதுதான் சொல்லுது. மழைக்கு முன்னாடி காத்து வந்துச்சாம், கொட்டகையிலிருந்து தூக்கிக்கினு கடலுக்கே போயிடுச்சாம். அம்மாந்தண்டி ஷீட்டு எப்படித்தான் பறந்துச்சோ.”

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் படுத்து யோசித்தபோது, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நிம்மதி வந்தது. காற்று கொண்டுபோனது என்று அத்தை நினைக்கிறாள். அப்படியென்றால் அவளுக்குத் தெரியாது. பறவையைத் தொட்டுப் பார்த்தும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை! நாங்கள் அவ்வளவு நன்றாக வெட்டியிருக்கிறோம்.

இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்குப் போய், பறவைக்கு சகாயராஜிடம் சொல்லி ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு வரவே இல்லை, நகம் பெயர்ந்தது. அழகாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். கயிறு கொடுக்கிற சாக்கில் முகத்தைப் பார்த்துவிடலாம். திட்டினால் அழுதுவிடலாம். ஒருவேளை, ஒருவேளைதான், நானே சொல்லிவிடலாம்.

அத்தை வாசலில் புடவைகளை அலசிக்கொண்டிருந்தாள். கொடி முழுக்கப் புடவை. எல்லாவற்றின் மேலும் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்டிருந்தது. கல்யாணப் புடவைகூட அதில் இருந்தது.

“அத்தே, ஃபர்ஸ்ட் பிரைஸு” என்றேன்.

“கேள்விப்பட்டேன். என் ராசாத்தி.” ஈரக் கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள். உப்புக் கரித்தது.

“உன் கயிறு அத்தே.”

அவள் அதைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. பிழிந்த புடவையை உதறி, கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள்.

“எனக்கு இனிமே கயிறு எதுக்குடி? நீயே வெச்சுக்கோ. அடுத்த பறவைக்கு ஆவும்.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான். போ, வெயில் ஏறுது.”

அவ்வளவுதான். திட்டவில்லை, கேட்கவில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புத்தம் புதுக் கயிறு வேறு ஓசியில் கிடைத்துவிட்டது. ரோட்டுக்கு வந்ததும் அதை நாலாக மடித்து, இரண்டு முனையையும் பிடித்து, ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.